முன்தள்ளு பொத்தான்

அமெரிக்க எம்16 துப்பாக்கியிலும் அதன் அரைத்தானியங்கி இனமான ஏஆர்-15-இலும் வலப்பக்கத்தில் அமைந்த சிறு சாதனம். தோட்டா முழுவதும் குழலின் அறைக்குள் செல்லாமல், அவ்வறையின் பின்வாயை அடைக்கும் போல்ட் பாதி வழியில் நின்றுவிட்டால், அதைக் கையால் முன்னே தள்ளி மூடுவதற்கென்று ஏற்பட்டது. இது அவசியந்தானா என்னும் விவாதம் அறுபது ஆண்டுகளாகியும் ஓய்ந்தபாடில்லை.

ஆர்மலைட் நிறுவனத்தில் யூஜின் ஸ்டோனர் 1950-களின் பிற்பகுதியில் வகுத்த மூல அமைப்பில் இப்பொத்தான் கிடையாது. எம்1 காரண்ட், எம்14 முதலிய முந்திய துப்பாக்கிகளில் போல்ட்டை இழுக்கும் கைப்பிடி அதனோடு இணைந்தே ஓடியமையால், சிப்பாய் அதை ஓங்கித் தட்டி மூடிவிட முடிந்தது. ஸ்டோனரின் கைப்பிடியோ பின்னே இழுப்பதற்கு மட்டுமே உதவிற்று. பழைய பழக்கத்தில் ஊறிய தரைப்படை இதைக் குறையெனக் கொண்டது. மூன்றாண்டுகள் உபயோகித்துப் பார்த்திருந்த விமானப்படையோ, இத்தகைய சாதனத்தால் நீங்கியிருக்கக்கூடிய கோளாறு ஒன்றேனும் தன் பதிவுகளில் இல்லை என்றது. நுழைய மறுக்கும் தோட்டாவை வலிந்து திணித்தால் சிக்கல் பெருகுமே ஒழியக் குறையாது என்பது ஸ்டோனரின் அபிப்பிராயம். முடிவில், 1963 நவம்பரில் துப்பாக்கித் தயாரிப்பாளரான கோல்ட் நிறுவனத்துக்கு அளிக்கப்பட்ட ஒப்பந்தத்தில், தரைப்படைக்குப் பொத்தானுடன் 85,000, விமானப்படைக்கு அஃதின்றி 19,000 என்று ஒரே துப்பாக்கி இரு உருவம் கொண்டது.

போல்ட்டைச் சுமந்து ஓடும் உருளையின் பக்கத்தில் வரிசையாய்ப் பற்கள் வெட்டி, பொத்தானை அழுத்துந்தோறும் அதன் முனைக்கொக்கி ஒரு பல்லைப் பற்றி முன்னே நகர்த்தவும், விரலை எடுத்ததும் வில் அதை மீட்டுக்கொள்ளவும் செய்த ஏற்பாடு, அவசியம் எதுவாயினும், நேர்த்தியான வேலைப்பாடேயாகும்.

வியட்நாம் யுத்தத்தில் 1966, 1967-இல் எம்16 துப்பாக்கிகளில் நேர்ந்த அடைப்புகளுள் பெரும்பாலானவை, சுட்ட தோட்டாவின் கூடு அறைக்குள் சிக்கி வெளிவராமையால் விளைந்தவை. அவற்றுக்கு இப்பொத்தான் பரிகாரமாகாது. வெடிமருந்து மாற்றமும், துடைக்கும் கருவிகள் இல்லாமையும், அறைக்குக் குரோமியப் பூச்சு இடாமையும் காரணங்களாகக் கூறப்பட்டன. எதன் பங்கு அதிகம் என்பதில் கருத்து வேற்றுமை உண்டு. அழுக்கேறிய துப்பாக்கியை அவசரத்தில் மூடவும், பகைவன் செவியில் படாமல் ஓசையின்றிப் போல்ட்டை மூடவும் இப்பொத்தான் உதவும் என்பர் இதனை ஆதரிப்போர்.

1967-இல் எம்16ஏ1 என்னும் வடிவம் இப்பொத்தானுடனேயே ஏற்கப்பட்டது. 1980-களில் வந்த எம்16ஏ2-இல் பொத்தானின் கண்ணீர்த்துளி வடிவம் போய் வட்ட வடிவம் வந்தது. அண்மையில், பொதுமக்களுக்கு விற்கும் சில உற்பத்தியாளர்கள் இதை விட்டுவிடுகின்றனர்.