பருந்துகளை எண்ணிய மலை



அம்மம்மாவின் கோழி குஞ்சுகளோடு முற்றத்தில் மேயும்போது வானத்தில் ஒரு நிழல் வட்டமிட்டால் போதும். "டேய், பிராந்து!" என்று அவர் குரல் கொடுப்பார். நான் கெற்றப்போலுடன் ஓடுவேன். ஒரு நாள் என் கல் பட்டு அந்தப் பறவை வேலிக்கு அப்பால் விழுந்தது. அன்றிரவு எனக்கு முட்டைப் பொரியல் கிடைத்தது. செய்தது பிழை என்று ஒருவரும் சொல்லவில்லை. எனக்கும் அப்படித் தோன்றவில்லை.

அதே எண்ணம் ஒரு காலத்தில் அமெரிக்காவில் அரசாங்கக் கொள்கையாகவே இருந்தது. 1929இல் பென்சில்வேனியா மாநிலம் 'கொஸ்ஹோக்' என்னும் பெரிய வைரியைக் கொல்வோருக்கு 5 டொலர் சன்மானம் அறிவித்தது. அங்கே அப்பலாச்சியன் மலைத்தொடரில் ஒரு நீண்ட முகடு இருக்கிறது. காற்று அதன் சரிவில் மோதி மேலெழும். இலையுதிர் காலத்தில் தெற்கு நோக்கிச் செல்லும் பருந்துகள் சிறகை அசைக்காமலே அந்தக் காற்றில் மிதந்து போகும். அவை தாழப் பறக்கும் இடம் பார்த்து வேட்டைக்காரர் துவக்குகளுடன் காத்திருந்தார்கள். இனம் பார்த்துச் சுடவில்லை, வந்ததையெல்லாம் சுட்டார்கள். 1932இல் றிச்சர்ட் பவ் என்பவர் அங்கு சென்று, செத்த பறவைகளை வரிசையாக அடுக்கிப் படம் பிடித்தார்.

அச்செய்தி நியூயோர்க்கைச் சேர்ந்த றொசாலி எட்ஜ் அம்மையாரை எட்டியது. பெண்களின் வாக்குரிமைக்காகப் போராடியவர் அவர். 1934இல் ஏறக்குறைய 1,400 ஏக்கர் மலைக்காணியைக் குத்தகைக்கு எடுத்தார். பின்னர் அதை வாங்கினார். மொறிஸ் புரூண் என்ற இளம் பறவையியலாளரும் அவர் மனைவி இர்மாவும் காவலுக்கு வந்தனர். துவக்குடன் வந்தவர்களை இர்மா பாதை வாசலிலேயே மறித்துத் திருப்பி அனுப்பினார். புரூண் உச்சிப் பாறையில் அமர்ந்து, கடந்து போகும் பருந்துகளை எண்ணத் தொடங்கினார். முதற் பருவத்திலேயே 10,000க்கும் மேல் எண்ணினார். போர்க்காலத்துச் சில வருடங்கள் தவிர, எண்ணிக்கை தொடர்ந்தது.

எண்ணி என்ன பயன் என்று கேட்கத் தோன்றும். வெண்தலைக் கழுகின் இளம் பறவைக்குத் தலை வெண்மையாக இராது. உடல் முழுவதும் கபில நிறம். ஆகவே முதியது எது, இளையது எது என்று பிரித்தெழுத முடிந்தது. 1935 முதல் 1939 வரை கண்ட கழுகுகளில் நூற்றுக்கு 40 இளம் பறவைகள். 1955 முதல் 1959 வரை அது 20 ஆகக் குறைந்தது. 1957இல் 32 முதிய கழுகுகளுக்கு ஒரேயொரு இளம் கழுகு! குஞ்சுகள் பிறக்கவில்லை என்பதை அந்தக் கொப்பி காட்டிக் கொடுத்தது. 1945இல் அம்மலைக்கு வந்து சென்ற றேச்சல் கார்சன், 1962இல் வெளியான தமது 'மௌன வசந்தம்' நூலில் இந்தக் கணக்கைச் சாட்சியாக வைத்தார். டி.டி.ரி. நஞ்சு முட்டை ஓட்டை மெலியச் செய்வது பின்னர் நிரூபணமாயிற்று. 1972இல் அமெரிக்கா அதனைத் தடை செய்தது. 2007இல் வெண்தலைக் கழுகு, அழிவை எதிர்நோக்கும் உயிரினங்களின் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது.

சில வருடங்களுக்கு முன், ஒரு சித்திரை மாதத்தில், உறவினர் ஒருவருடன் அந்த உச்சிக்கு ஏறினேன். வசந்தத்தில் பறவைகள் வடக்கே திரும்பும் காலம். அப்போது அவை பரந்து செல்வதால் இலையுதிர் காலத்தைப் போலக் கூட்டம் இராது. குளிரில் ஒரு முதியவர் தொலைநோக்கியும் கொப்பியுமாக இருந்தார். தூரத்தில் ஒரு புள்ளி. "பார்த்தீர்களா?" என்றார். பார்த்தேன். அவர் ஒரு கோடு போட்டார்.

வேலிக்கு அப்பால் விழுந்த அந்தப் பிராந்து எனக்கு நினைவு வந்தது. அதற்காகக் கோடு போட அன்று ஒருவரும் இருக்கவில்லை. நேயர்களே, இப்பொழுது என் வீட்டுக்கு மேல் பருந்து வட்டமிட்டால் நான் கல் தேடுவதில்லை. நின்று எண்ணுகிறேன்.