ஃப்ளோரசன்ஸ் நுண்ணோக்கி: வாங்கும் முன் அறிய வேண்டிய வரலாறு

ஆய்வகத்திற்கு ஃப்ளோரசன்ஸ் நுண்ணோக்கி வாங்குபவர்கள் முதலில் கேட்பது "எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும்?" என்பதுதான். ஆனால் இக்கருவியின் வரலாறு வேறொரு கேள்வியைக் கேட்கச் சொல்கிறது.

1904-ல் ஜெர்மனியின் யேனா நகரில், சைஸ் நிறுவனத்தைச் சேர்ந்த ஆகஸ்ட் கோலர் புற ஊதா ஒளியில் இயங்கும் நுண்ணோக்கியை உருவாக்கினார். இன்னும் நுண்ணிய விவரங்களைக் காண்பதே அவரது நோக்கம். ஆனால் சில பொருட்கள் அந்த ஒளி பட்டதும் தாமே ஒளிர்ந்து தொல்லை கொடுத்தன. அந்தத் தொல்லையையே பயனாக்கி, 1911-ல் ஆஸ்கர் ஹைம்ஸ்டாட் ஃப்ளோரசன்ஸ் நுண்ணோக்கியை அமைத்தார். 1941-ல் அமெரிக்காவில் ஆல்பர்ட் கூன்ஸ் குழுவினர் எதிர்ப்புரதத்தோடு ஒளிரும் சாயத்தை இணைத்தனர். தேடும் பொருளை மட்டும் ஒளிர வைக்க வழி பிறந்தது.

சிக்கல் ஒன்று மீதமிருந்தது. சாயத்தைத் தூண்டும் ஒளி மிகப் பிரகாசமானது. சாயம் திருப்பித் தரும் ஒளியோ மிக மங்கலானது. முன்னதைத் தடுத்தால்தான் பின்னது தெரியும். 1967-ல் நெதர்லாந்தின் ப்ளோம், தூண்டும் ஒளியை மாதிரியின் மீது திருப்பிவிட்டு, மாதிரியின் ஒளியை மட்டும் கண்ணுக்கு விடும் சிறப்புக் கண்ணாடிகளைப் பொருத்தினார். இன்றைய ஃபில்டர் பெட்டிக்கு அதுவே முன்னோடி.

ஆகவே கேட்க வேண்டியது இது: பின்னணி எவ்வளவு இருட்டாக இருக்கிறது? ஆய்வகம் பயன்படுத்தும் சாயங்களுக்கு ஃபில்டர்கள் பொருந்துமா என்பதும் அதோடு சேர்ந்ததே.

விளக்கின் செலவையும் மறக்கக் கூடாது. 100 வாட் பாதரச விளக்கின் ஆயுள் சுமார் 200 மணி நேரம், எல்.இ.டி. விளக்கு பல ஆயிரம் மணி நேரம் எரியும். சொந்த மாதிரியை வைத்துச் சோதிக்காமல் வாங்கும் கருவி, மலிவாகக் கிடைத்தாலும் நஷ்டக் கணக்கில்தான் போய்ச் சேரும்.