வண்டுக்கு யார் பொறுப்பு?

காலையில் கட்டிலுக்கு அடியில் பெருக்குகிறீர்கள். மைதா மாவு மாதிரி ஒரு குட்டிக் குவியல். தள்ளிவிட்டுப் போகிறீர்கள். மறுநாள் அதே இடத்தில் அதே குவியல்! குனிந்து பார்த்தால் சட்டத்தில் குண்டூசியால் குத்தின மாதிரி நாலைந்து ஓட்டைகள். மகள் கல்யாணத்துக்குச் சீராக வாங்கிய கட்டில். ஆறு மாசம்கூட ஆகவில்லை. கடைக்காரரிடம் போய் நின்றால், ‘‘உங்க வீட்ல ஈரம் சார்… காவிரிக் கரை வேற!’’ என்பார்.

நீங்கள் இருப்பது குத்தாலமாக இருந்தால் இந்தப் பதில் சுலபமாக எடுபடும். ஆறு, வாய்க்கால், ஐப்பசி அடைமழை என்று ஈரத்துக்குக் குறைவே இல்லாத ஊர். வாங்கியவர் பேசாமல் மண்ணெண்ணெய் தடவிவிட்டுத் திரும்பப் படுத்துக்கொள்வார். ஆனால், அந்த ஓட்டைக்குள் ஒரு பழைய வழக்கு இருக்கிறது. விற்ற பொருளுக்குள் ஒளிந்திருந்த குறைக்கு யார் பொறுப்பு… விற்றவனா, வாங்கியவனா?

நம்முடைய பழைய சட்ட நூல்கள் இந்த விஷயத்தில் கொஞ்சம் வாங்கியவர் பக்கம்தான். யாக்ஞவல்கிய ஸ்மிருதி, பொருளைச் சோதித்துப் பார்க்கத் தவணையே கொடுத்திருக்கிறது. விதைக்கு 10 நாள், இரும்புக்கு 1 நாள், சுமை இழுக்கும் மாட்டுக்கு 5 நாள், ரத்தினத்துக்கு 7 நாள், பால் மாட்டுக்கு 3 நாள். (அடிமைகளுக்கும் அந்தப் பட்டியலில் தவணை உண்டு. அந்தக் காலத்தின் லட்சணம் அது!) விதைக்கு ஏன் பத்து நாள்? முளைக்கிறதா என்று பார்க்க வேண்டாமா! குறை வெளியே வர எத்தனை நாள் ஆகுமோ, அத்தனை நாள் அவகாசம். எழுதியவருக்கு விவசாயம் தெரிந்திருக்கிறது. கட்டில் மட்டும் பட்டியலில் இல்லை.

இங்கிலாந்துக்காரர்கள் வேறு ரூட். 1603-ல் ஒரு பொற்கொல்லர், ஆட்டு வயிற்றில் உண்டாகிற, விஷத்தை முறிக்கும் என்று நம்பப்பட்ட ‘பெசோர்’ கல் என்று சொல்லி ஒரு கல்லை 100 பவுண்டுக்கு விற்றார். அது பெசோர் கல்லே இல்லை. வாங்கியவர் கோர்ட்டுக்குப் போனார். கோர்ட் என்ன சொன்னது தெரியுமா? ‘பெசோர் என்று அவர் சொன்னார், சரி. உத்தரவாதம் கொடுத்தாரா? இல்லையே!’ கேஸ் காலி.

பி.காம். படித்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். ‘மெர்க்கன்டைல் லா’ புத்தகத்தில் லத்தீனில் ஒரு வார்த்தை வரும்: ‘கேவியட் எம்ப்டர்’. வாங்குபவனே, உஷார்! நாங்களும் அர்த்தம் புரியாமல் உருப்போட்டுத்தான் பாஸ் செய்தோம். 1872-ன் இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் சரக்கு விற்பனைக்கு ஓர் அத்தியாயம் இருந்தது. அதை எடுத்துவிட்டு 1930-ல் தனிச் சட்டம் போட்டார்கள். அதன் 16-வது பிரிவும் ‘உஷார்’ என்றுதான் ஆரம்பிக்கிறது. ஆனால், கூடவே விதிவிலக்குகள் வருகின்றன. அந்தச் சரக்கையே வியாபாரம் செய்கிறவரிடம் வாங்கினால், அது விற்கத் தகுந்த தரத்தில் இருந்தாக வேண்டும். நீங்கள் புரட்டிப் பார்த்து வாங்கியிருந்தால், அப்படிப் பார்த்தபோது கண்ணில் பட்டிருக்க வேண்டிய குறைக்கு மட்டும் அவர் பொறுப்பல்ல.

கண்ணில் படாத குறை? அதற்கு அவர்தான் பொறுப்பு. நம் வண்டு நுழைவது இங்கேதான்!

இந்த வண்டைப் பற்றி ஒரு விஷயம். கட்டிலில் தெரியும் ஓட்டை, அது உள்ளே போன வழி அல்ல; வெளியே வந்த வழி. தாய் வண்டு மரத்தின் நுண்துளைகளில் முட்டை வைக்கும். புழு உள்ளேயே இருந்துகொண்டு மாவுச்சத்தைத் தின்று வளரும். சில மாதங்களிலிருந்து ஒரு வருஷம்வரை ஆகலாம், சில வகைகளுக்கு அதற்கும் மேலே. அப்புறம்தான் வண்டாகி, ஓட்டை போட்டுக்கொண்டு வெளியே வரும். வைரம் பாய்ந்த கட்டையில் இதற்குச் சாப்பாடு கிடையாது. மரத்தின் வெளிப்பக்கத்து வெள்ளைக் கட்டைதான் விருந்து. தேக்கு என்று சொல்லி வெள்ளையையும் சேர்த்து அறுத்து, மேலே கலர் பாலீஷ் போட்டுவிட்டால் உங்களுக்கோ எனக்கோ தெரியப்போவதில்லை.

ஆனால், அந்தப் பாலீஷே சாட்சி சொல்லும்! பாலீஷ் மூடிய பரப்பில் இந்த வண்டால் முட்டை வைக்க முடியாது. பாலீஷைக் குடைந்துகொண்டு ஓட்டை வந்திருந்தால், புழு அதற்கு முன்பே உள்ளே இருந்திருக்கிறது என்று நினைக்க நல்ல காரணம் இருக்கிறது. (அடிப்பக்கம் பாலீஷ் போடாமல் விட்டிருந்தால் கடைக்காரருக்கு ஒரு வாதம் கிடைக்கும். கவிழ்த்துப் பாருங்கள்.) கரையான் கதை வேறு. தரையிலிருந்து மண் பாதை கட்டிக்கொண்டு ஏறியிருந்தால் கடைக்காரரைக் குறை சொல்ல முடியாது. அது உங்கள் வீட்டு ஆசாமி.

கிராமத்தில் வெட்டின மூங்கிலைக் குளத்திலோ வாய்க்காலிலோ வாரக்கணக்கில் ஊறப்போடுவார்களே… அதுவும் இதற்குத்தான். மாவுச்சத்து தண்ணீரில் கரைந்து போய்விட்டால் வண்டுக்கு வேலை இல்லை. குத்தாலம் என்ற பெயரே கோயிலின் தல விருட்சமான உத்தால மரத்திலிருந்து வந்தது என்பார்கள். அங்கே இருக்கும் சுவாமிக்குச் ‘சொன்னவாறறிவார்’ என்றும் ஒரு பெயர். எனக்கென்னவோ, வியாபாரம் செய்கிறவர்கள் ஒருமுறை போய்ப் பார்க்க வேண்டிய சுவாமி என்று தோன்றும்.

இப்போது ஒரு சிக்கல். கட்டிலுக்குப் பணம் கொடுத்தவர் அப்பா. படுக்கிறவள் மகள். கேஸ் யார் போடுவது?

1928-ல் ஸ்காட்லாந்தில் பெய்ஸ்லி என்ற ஊர். மே டொனஹ்யூ என்ற பெண்ணுக்குச் சிநேகிதி ஒருத்தி ஜிஞ்சர் பீர் வாங்கிக் கொடுத்தாள். உள்ளே இருப்பது தெரியாத கலர் பாட்டில். பாதி குடித்தபின் மிச்சத்தை ஊற்றினால், அழுகிய நத்தை விழுந்தது என்பது அவர் புகார். காசு கொடுத்தது சிநேகிதி என்பதால், டொனஹ்யூவுக்கு யாரோடும் ஒப்பந்தமே கிடையாது. 1932-ல் பிரபுக்கள் சபை, மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில், பொருளைக் கடைசியில் பயன்படுத்துகிறவருக்கும் தயாரித்தவர் பொறுப்பு என்று தீர்ப்புச் சொன்னது. வேடிக்கை என்னவென்றால், அந்தப் பாட்டிலில் நிஜமாகவே நத்தை இருந்ததா என்பது கடைசிவரை கோர்ட்டில் நிரூபிக்கப்படவில்லை. கேஸ் சமாதானத்தில் முடிந்தது.

நம் ஊரில் சட்டம் இருந்தும் சாமானியருக்குப் பிரயோஜனப்படவில்லை. சிவில் கோர்ட், ஸ்டாம்ப், வக்கீல் ஃபீஸ்… கட்டில் விலையைத் தாண்டிவிடும்! 1986 டிசம்பர் 24 அன்று ஜனாதிபதி ஒப்புதல் பெற்ற நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம்தான் இதை மாற்றியது. வக்கீல் இல்லாமல் நீங்களே புகார் கொடுக்கலாம். வாங்கியவர் சம்மதத்தோடு பயன்படுத்துகிறவரும் நுகர்வோர்தான் என்றது அந்தச் சட்டம். சீர்க் கட்டில் பிரச்னை தீர்ந்தது! பார்த்தால் தெரியாத குறையைச் சோதனைச்சாலைக்கு அனுப்பிப் பார்க்கவும் வழி வைத்தது.

அதன் இடத்துக்கு வந்த 2019-ன் சட்டம், 2020 ஜூலை 20-லிருந்து அமலுக்கு வந்தது. குறையுள்ள பொருளைத் திரும்ப எடுத்துக்கொண்டு பணம் தர மறுப்பது நியாயமற்ற வணிகம் என்கிறது. பில்லில் காலக்கெடு எதுவும் போடாவிட்டால் 30 நாள் கணக்கு. ‘விற்ற பொருள் வாபஸ் பெறப்படமாட்டாது’ என்று பில்லுக்கு அடியில் அச்சடித்திருக்கிறதே… குறையுள்ள பொருள் விஷயத்தில் அதற்கு மதிப்பில்லை. இன்னொரு சலுகை, கட்டிலைச் சென்னையில் வாங்கியிருந்தாலும் குத்தாலத்துக்காரர் தன் மாவட்டத்து ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். கொடுத்த விலை 5 லட்சம்வரை இருந்தால் கட்டணமும் கிடையாது. கெடு இரண்டு வருஷம்.

ஆகவே, அந்த மாவைப் பெருக்கித் தள்ளாதீர்கள். ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டுத் தேதி எழுதி வையுங்கள். ஓட்டைகளை போட்டோ எடுங்கள். கடைக்காரருக்கு எழுத்தில் கொடுத்து, தபால் ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். மண்ணெண்ணெய் தடவுவதை மட்டும் கொஞ்சம் தள்ளிப்போடுங்கள். யாராவது நிபுணர் வந்து பார்க்கும்போது வண்டு உள்ளே இருக்கட்டும்!