கரும்பலகையில் நான் எழுதிய தவறு

என் பழைய பிளஸ் டூ மாணவர்களுக்கு,

"புரதம் தராத டி.என்.ஏ. எல்லாம் குப்பை" என்று 1998 வாக்கில் எழுதிப் போட்டவன் நான். "குப்பையை உடம்பு ஏன் சார் சுமக்குது?" என்று கேட்ட மாணவியை உட்காரச் சொல்லிவிட்டேன்.

1949இல் கனடாவில் மர்ரே பாரும் பெர்ட்ராமும் பெண் பூனையின் நரம்பு செல்களில் மட்டும் ஒரு கரும்புள்ளியைக் கண்டார்கள். பெண்ணின் ஒவ்வொரு செல்லிலும் இரண்டு எக்ஸ் குரோமோசோம்களில் ஒன்று அடங்கிவிடுகிறது என்று 1961இல் இங்கிலாந்தின் மேரி லயன் விளக்கினார். (கறுப்பும் ஆரஞ்சும் கலந்த பூனை பெரும்பாலும் பெண்ணாக இருப்பது இதனால்தான்.)

அடக்குவது எது? 1991இல் துப்பு கிடைத்தது. எக்ஸிஸ்ட் என்ற மரபணு, அடங்கிய எக்ஸில் மட்டும் வேலை செய்கிறது. அது தரும் ஆர்.என்.ஏ. சுமார் 17,000 எழுத்து நீளம். அதிலிருந்து புரதம் வருவதில்லை. அந்த ஆர்.என்.ஏ.யே குரோமோசோமைப் போர்வைபோல் மூடுகிறது. நான் குப்பை என்று எழுதியபோது இது தெரிந்து ஏழு வருடம் ஆகியிருந்தது!

லூபஸ் நோயாளிகளில் பத்துக்கு ஒன்பது பேர் பெண்கள். ஸ்டான்ஃபோர்டில் ஆண் எலிகளை இந்த ஆர்.என்.ஏ. உண்டாக்கும்படி மாற்றி, லூபஸ் போன்ற நோயைத் தூண்டினார்கள். கிட்டத்தட்ட பெண் எலிகள் அளவுக்கு அவையும் பாதிக்கப்பட்டன என்று 2024இல் வெளியிட்டார்கள்.

அந்த மாணவி இதைப் படித்தால், அம்மா, நீ கேட்டது நல்ல கேள்வி. பதில்தான் 26 வருடம் தாமதம்.