பரணிலிருந்து இறங்கிய பூட்ஸ்

2024 ஆயுத பூஜைக்கு ஆட்டையாம்பட்டி வீட்டை ஒதுக்கிக்கொண்டிருந்தோம். பரண் மேல் ஏறியிருந்த நான் ஒவ்வொன்றாகக் கீழே நீட்ட, அம்மா வாங்கி வைத்துக்கொண்டிருந்தார். பழைய தறிச் சாமான்கள், ஓட்டை அண்டா, தாத்தாவின் தோல் செருப்பு. கடைசியாக ஒரு கோணிப்பைக்குள் என் ஸ்னோபோர்டு பூட்ஸ்.

வெயிலில் முறுக்குக்கு மாவு காய்கிற ஊரில் பனிச்சறுக்கு பூட்ஸுக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். 2016லிருந்து 2018 வரை சூரிக்கில் வேலை பார்த்தேன். அங்கே ‘ப்ரோக்கி’ என்று சொல்லும் பழைய சாமான் கடை ஒன்றில் நாற்பது ஃப்ராங்குக்கு வாங்கியது. கணுக்காலுக்கு மேல் வரைக்கும் கெட்டி பிளாஸ்டிக் ஓடு, முன்பக்கம் நான்கு பக்கிள். திரும்பி வரும்போது தூக்கிப்போட மனசு வரவில்லை. பெங்களூர் வாடகை வீட்டில் இடமில்லை. அதனால் பரண்.

மறுபடி ஜனவரியில் இரண்டு வாரம் சூரிக் போகவேண்டி வந்திருந்ததால், சும்மா காலில் மாட்டிப் பார்த்தேன். இரண்டாவது பக்கிளை அழுத்தினதும் ‘டக்’ என்று ஒரு சத்தம். கணுக்கால் பக்கம் ஓடு அப்படியே பிளந்தது. கையால் தொட்டேன், துண்டு துண்டாக வந்தது.

அம்மா எட்டிப் பார்த்து, “என்னடா கண்ணு இது, நம்மூரு முறுக்குகூட இதைவிட உறுதியா இருக்குமேடா” என்றார்.

சிரித்தோம். ராத்திரி படுத்த பிறகுதான் சிரிப்பு போனது. இரண்டு குளிர்காலம் இதைப் போட்டுக்கொண்டுதான் ஃப்ளும்ஸர்பெர்க் மலையில் இறங்கியிருக்கிறேன். பனிச்சறுக்கு ஸ்கீயில் காலைப் பிடித்திருக்கும் பூட்டு, விழும்போது தானாக விட்டுவிடும். ஸ்னோபோர்டின் பூட்டு விடாது. வேகத்தில் ஒரு பூட்ஸ் உடைந்தால் ஒரு கால் வெளியே வந்துவிடும், மற்றொரு கால் பலகையிலேயே மாட்டியிருக்கும். பலகை சுழலும்போது அந்த முட்டி என்ன ஆகும் என்பதை எழுத வேண்டியதில்லை.

பழைய பூட்ஸா, புதிய பூட்ஸா என்ற கேள்வி எனக்கு அன்றைக்குத்தான் கேள்வியாகத் தோன்றியது.

*

முதலில், ஏன் கெட்டி பூட்ஸ்? நாம் வீடியோக்களில் பார்க்கிற ஸ்னோபோர்டுக்காரர்கள் மெத்தென்ற பூட்ஸ் போட்டுக்கொண்டு, பலகைக்குக் குறுக்காக நிற்பார்கள். குதிப்பதற்கும் சுழல்வதற்கும் அது சரி. கார்விங் வேறு. பலகையைச் சாய்த்து, அதன் எஃகு விளிம்பைப் பனிக்குள் இறக்கி, துளியும் சறுக்காமல் விளிம்பின் வளைவிலேயே திரும்புவது. திரும்பிப் பார்த்தால் பின்னால் பென்சிலால் இழுத்த மாதிரி ஒரு கோடு மட்டும் இருக்கணும்.

இதற்கான பலகை ஒல்லியானது. நடுவில் 20 சென்டிமீட்டர் அளவுக்குத்தான் இருக்கும். அதில் குறுக்காக நின்றால் விரலும் குதிகாலும் வெளியே நீட்டிக்கொண்டு பனியில் இடிக்கும். எனவே பாதங்களை 50, 60 டிகிரி முன்னோக்கித் திருப்பிப் பூட்டுகிறார்கள். அப்படி நின்றால் விரலை ஊன்றியும் குதிகாலை ஊன்றியும் பலகையைச் சாய்க்க முடியாது. முழங்காலையும் இடுப்பையும் பக்கவாட்டில் தள்ளித்தான் சாய்க்கணும். அந்த விசையைக் காலிலிருந்து பலகைக்குச் சேதாரமில்லாமல் கொண்டுபோக ஒரு கெட்டியான குழாய் வேண்டும். ஹார்ட் பூட்ஸ் அந்தக் குழாய்தான்.

*

இந்தக் குழாய் ஸ்னோபோர்டுக்காகப் பிறந்ததல்ல. ஸ்கீக்காரர்களிடமிருந்து வந்தது. அவர்களும் 1960கள் வரை தோல் பூட்ஸ்தான் போட்டார்கள். கெட்டித் தோல், இரட்டைக் கயிறு. ஈரம் ஏறினால் தொளதொளவென்று ஆகிவிடும். 1950களில் சுவிட்சர்லாந்தின் ஹென்கே நிறுவனம் கயிற்றுக்குப் பதில் பக்கிள் கொண்டுவந்தது. 1960களின் நடுவில் பாப் லேங்க் என்ற அமெரிக்கர் முழு பிளாஸ்டிக் பூட்ஸைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். கெட்டி பிளாஸ்டிக் முழங்காலுக்குக் கீழே எலும்பில் அழுத்தி வலிக்கும். அந்த வலிக்கு ‘லேங்க் பேங்’ என்று பெயரே வைத்துவிட்டார்கள். இருந்தாலும் பந்தயக்காரர்கள் விடவில்லை. வலியைவிட நொடிகள் பெரிது.

இந்த மாற்றத்தில் எனக்குப் பிடித்த இடம் இத்தாலியின் மாண்டெபெல்லுனா. வெனிஸுக்கு வடக்கே, ஆல்ப்ஸ் அடிவாரத்தில், மலைவாசிகளுக்குத் தோல் பூட்ஸ் தைத்துக்கொண்டிருந்த சக்கிலிகளின் ஊர் என்று எங்கள் தாத்தா காலத்து ஆள் சொல்லியிருப்பார். அந்தச் சொல் நம் ஊரில் வசவாகப் புழங்குவதால் நான் ‘தோல் தொழிலாளிகள்’ என்று எழுதுகிறேன். அந்த வித்தியாசத்துக்குப் பிறகு வருவேன். நார்டிகா 1939இல் அங்கே தொடங்கியது. பக்கத்திலிருக்கும் அஸோலோவில் ஸ்கார்ப்பா 1938இல். பிளாஸ்டிக் வந்தபோது அந்த வட்டாரம் அழிந்துபோகவில்லை. தோலை அச்சுக்கட்டையில் இழுத்துத் தைத்தவர்களுக்குப் பாதத்தின் அளவும் வளைவும் கைப்பாடமாகத் தெரியும். அதே அறிவை வைத்து உலோக அச்சுகள் செய்தார்கள், உருக்கிய பிளாஸ்டிக்கை ஊற்றினார்கள். உலகத்து ஸ்கீ பூட்ஸில் பெரும்பங்கு அந்த வட்டாரத்திலிருந்தே போன காலம் ஒன்று இருந்தது. பின்னாளில் அங்கே பூட்ஸுக்கென்றே ஒரு மியூசியமும் வந்தது. தொண்ணூறுகளுக்குப் பிறகு உற்பத்தியில் பெரும்பகுதி ருமேனியா பக்கம் போய்விட்டது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

*

ஸ்னோபோர்டு இதற்கு இணையாக வேறு பாதையில் வந்தது. 1965 கிறிஸ்துமஸ் அன்று மிச்சிகனில் ஷெர்மன் பாப்பன் தன் மகள்களுக்காக இரண்டு ஸ்கீயை ஒன்றாகச் சேர்த்துச் செய்த விளையாட்டுப் பலகை ‘ஸ்னர்ஃபர்’. 1977இல் ஜேக் பர்ட்டன் வெர்மான்ட்டில் பலகை செய்ய ஆரம்பித்தார். எண்பதுகளில் இது ஐரோப்பாவுக்குப் போனபோது, அங்கே ஏற்கெனவே வீட்டுக்கு வீடு ஸ்கீ பூட்ஸ் இருந்தது. அதையே பலகையில் பூட்டினார்கள். சுவிட்சர்லாந்தின் ஹோசே ஃபெர்னாண்டஸ் போன்றவர்கள் பந்தயங்களில் அப்படித்தான் வந்தார்கள். பிரான்ஸின் செர்ஜ் விட்டெல்லி உடம்பு முழுக்கப் பனியில் படுகிற அளவுக்குச் சாய்ந்து திரும்புவார். இன்றும் அதற்கு ‘விட்டெல்லி டர்ன்’ என்றே பெயர்.

1909இல் க்ரோய்ட்ஸ்லிங்கனில் தொடங்கிய ரைக்ளே போன்ற பழைய நிறுவனங்கள் ஸ்னோபோர்டுக்கென்றே ஹார்ட் பூட்ஸ் செய்தன. 1998 நாகானோ ஒலிம்பிக்ஸில் ஸ்னோபோர்டு முதல்முறையாக நுழைந்தபோது, ஜெயன்ட் ஸ்லாலம் இந்தப் பூட்ஸின் மேடையாக இருந்தது.

ஆனால் அதுதான் உச்சி. அதற்குள்ளேயே இளைஞர்கள் ஹாஃப்பைப்புக்கும் பார்க்குக்கும் போய்விட்டார்கள். மெத்து பூட்ஸ் ஜெயித்தது. கார்விங் ஒரு சின்னக் கூட்டத்தின் பொழுதுபோக்காகச் சுருங்கியது. பெரிய கம்பெனிகள் விலகின. ஒவ்வொரு சைஸுக்கும் ஒரு உலோக அச்சு வெட்டணும், அதற்குப் பெரிய பணம் வேண்டும். வாங்குகிற ஆள் குறைந்தால் புது அச்சு யார் வெட்டுவார்கள்? ரைக்ளேயின் ஹார்ட் பூட்ஸ் பின்னாளில் டீலக்ஸ் என்ற பெயரில் வந்தது. உள்ளே இருந்த வடிவம் பெரும்பாலும் பழையதே. எங்கள் தொழிலில் இதை நன்றாகவே தெரியும். ஓடிக்கொண்டிருக்கிற பழைய கோடை யாரும் தொடமாட்டார்கள், மேலே புதுப் பெயிண்ட் மட்டும் அடிப்பார்கள்.

*

ஜனவரியில் சூரிக் போனபோது, சக ஊழியர் ஒருவர் தன் புது ஜோடியைக் கொடுத்தார். வாங்கி ஒரே ஒரு சீசன் ஆகியிருந்தது. என் கால் அளவும் அதேதான்.

நேர்மையாகச் சொல்கிறேன், முதல் நாள் எனக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஓட்டின் வடிவம், பக்கிள் இருக்கிற இடம், பூட்டில் மாட்டுகிற விதம் எல்லாம் ஏறக்குறைய என் பழைய ஜோடிதான்.

வித்தியாசம் இரண்டாம் நாள் மெல்லத் தெரிந்தது. ஒன்று, உள்ளே இருக்கும் லைனர். புதியது சூட்டில் இளகி, அவரவர் காலுக்கு வடிவெடுக்கிற நுரை. என் பழைய லைனர் யாரோ ஒரு சுவிஸ்காரரின் காலுக்கு அமுங்கிப்போனது. உள்ளே கால் ஓரிரு மில்லிமீட்டர் நகரும். கார்விங்கில் அந்த மில்லிமீட்டர் பெரிய விஷயம், நீங்கள் சாய்ந்த பிறகுதான் பலகை சாயும். இரண்டு, பின்பக்கம். பழையதில் முன்சாய்வைப் பூட்ட மூன்று நிலை, அவ்வளவுதான். மேடுபள்ளம் வந்தால் சுவரில் இடித்த மாதிரி இருக்கும். புதியதில் ஸ்ப்ரிங் வைத்திருந்தார்கள். கணுக்கால் கொஞ்சம் மடங்கி, மறுபடி எழுந்து வரும். சாயங்காலம் முழங்கால் வலிக்கவில்லை.

ஆனால் இரண்டையுமே பழைய ஓட்டில் மாற்றிப் பொருத்திக்கொள்ளலாம். அப்படிச் செய்கிற ஆட்களும் உண்டு. 2018இல் எஸ்டர் லெடெட்ஸ்கா என்ற செக் பெண் ஒரே ஒலிம்பிக்ஸில் ஸ்கீயிலும் ஸ்னோபோர்டிலும் தங்கம் வாங்கியபோது ஸ்னோபோர்டு ஓட்டத்தை நான் ஸ்லோமோஷனில் பலமுறை பார்த்தேன். அந்தச் சாய்வு தொண்ணூறுகளின் வீடியோக்களில் இருக்கிற சாய்வுதான். வடிவத்தில் பழசு தோற்கவில்லை.

தோற்றது பொருள்.

*

பெரும்பாலான ஹார்ட் பூட்ஸின் ஓடு பாலியூரித்தேன். அதில் எஸ்டர் வகைப் பிணைப்பு உள்ளவற்றுக்கு ஒரு நோய் உண்டு: நீராற்பகுப்பு. காற்றிலிருக்கும் ஈரம் உள்ளே நுழைந்து, நீண்ட சங்கிலி மூலக்கூறுகளை நடுநடுவே அறுக்கும். அறுபடும்போது அமிலம் உண்டாகும். அந்த அமிலம் அடுத்த அறுப்பை இன்னும் வேகமாக்கும். வெப்பம் கூடினால் எல்லாமே விரைவாகும். போட்டு நடந்தால்தான் தேயும் என்பது தோலின் கணக்கு. இந்தப் பிளாஸ்டிக் சும்மா இருந்தாலும் சாகும்.

சேலம் வெயிலில் ஓட்டுக்கூரைக்குக் கீழே, மழைக்காலத்து ஈரத்தோடு, கோணிப்பைக்குள் ஆறு வருடம். இதைவிட நல்ல அழிவு அறையை ஒரு ஆய்வகத்தில்கூட அமைக்க முடியாது.

யாராவது பழைய ஹார்ட் பூட்ஸ் வாங்குவதாக இருந்தால் பக்கிள் ஆணிகளைச் சுற்றி மயிரிழை விரிசல் இருக்கிறதா, மேற்பரப்பு பிசுபிசுக்கிறதா, வெளுத்திருக்கிறதா என்று பாருங்கள். பூட்டில் மாட்டுகிற முன், பின் விளிம்புகளை அழுத்திப் பாருங்கள். பத்து வருடம் தாண்டியதைச் சந்தேகத்தோடே தொடுங்கள். ஓட்டுக்குள் கடிகாரம் மாதிரி ஒரு சின்ன வட்டம் அச்சாகியிருக்கும், நடுவில் அம்பு. அது வார்த்த தேதி. உடைந்த துண்டுகளைக் கூட்டும்போதுதான் என்னுடையதை நான் பார்த்தேன்: 97. நான் வாங்கும்போதே அதற்குப் பத்தொன்பது வயது.

*

அன்றைக்குப் பரணிலிருந்து இறங்கிய இன்னொரு ஜோடி தாத்தாவின் செருப்பு. நாற்பது வருடத்துக்கு மேல் இருக்கும். சுருங்கிக் கறுத்திருந்தது. வளைத்துப் பார்த்தேன், ஒடியவில்லை. வருஷத்துக்கு ஒருமுறை ஆயா அதற்கு விளக்கெண்ணெய் தடவி வெயிலில் வைப்பார், அவருக்கு அப்புறம் அம்மா. எங்கள் பக்கம் மஞ்சள் காட்டு வரப்பிலும் கடலைக்காட்டு ஓரத்திலும் ஆமணக்கு நிற்கும். கொட்டமுத்தை வறுத்து, இடித்து, தண்ணீரில் கொதிக்கவிட்டு, மிதக்கிற எண்ணெயை வழித்தெடுப்பார்கள். வண்டி அச்சுக்கும் விளக்குக்கும் குழந்தை வயிற்றுக்கும் தோலுக்கும் அதே எண்ணெய்தான். சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரில் மரவள்ளிக்கும் ஆமணக்குக்கும் ஆராய்ச்சி நிலையமே இருக்கிறது.

இப்போது இதைக் கேளுங்கள். மலையேறி இறங்கும் டூரிங் பூட்ஸில் இப்போது பெபாக்ஸ் என்ற பொருள் நிறையப் புழங்குகிறது. பாலியூரித்தேனைவிட எடை குறைவு, குளிரில் அவ்வளவாக விறைக்காது, ஈரத்துக்கும் நன்றாகத் தாங்கும். நடுவில் பிரிந்து ஸ்கீ போல ஆகிற ஸ்பிளிட்போர்டுக்காரர்கள் பலர் இந்தப் பூட்ஸ்தான் போடுகிறார்கள். அதில் ஒரு வகையைப் ‘பெபாக்ஸ் ஆர்நியூ’ என்கிறார்கள். ஸ்கார்ப்பா பயன்படுத்தியிருக்கிறது. அதன் மூலப்பொருள் ஆமணக்கெண்ணெய். உலகத்தில் அதிகமாக ஆமணக்கு விளைவது இந்தியாவில், அதிலும் பெரும்பகுதி குஜராத்தில். தோலைக் காப்பாற்றிய எண்ணெய் இப்போது தோலின் இடத்துக்கே வந்திருக்கிறது.

அழகான முடிவாக இருக்கும், இதோடு நிறுத்தினால். ஆனால் அந்தச் செருப்பைத் தைத்தவரை விட்டுவிட்டு நிறுத்த முடியாது.

அவர் அருந்ததியர் தெருப் பெரியவர். தாத்தாவைவிட மூத்தவர். தாத்தா அவரை ‘வாடா, போடா’ என்றுதான் கூப்பிடுவார், அவர் தாத்தாவைச் ‘சாமி’ என்பார். கவலை இறைக்கிற தோல் பறியும் அவர் கைவேலை, ஊர்க்காரர்கள் செருப்பும் அவர் கைவேலை. ஆனால் கொங்குப் பக்கம் பல ஊர்களில் இருந்த வழக்கம்தான் அவருக்கும்: ஊர்த்தெருவுக்குள் வரும்போது செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும். மாண்டெபெல்லுனாவில் தோல் தைத்த குடும்பங்கள் ஆலை முதலாளிகள் ஆனார்கள், அவர்கள் ஊசிக்கும் அச்சுக்கட்டைக்கும் மியூசியம் வந்தது. இங்கே கவலை போய் மோட்டார் வந்தது, தோல் செருப்பு போய் ஹவாய் செருப்பு வந்தது. பாதத்தைப் பார்த்தே அளவு சொல்கிற அந்தக் கைக்கு முதல் போட யாரும் வரவில்லை. ‘பொருள் மாறினால் கைத்தொழில் அழியும்’ என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். பொருள் இரண்டு ஊரிலும்தான் மாறியது.

உடைந்த பூட்ஸைக் குப்பையில் போட்டாயிற்று. தேதி வட்டம் இருந்த துண்டை மட்டும் மேசையில் வைத்திருக்கிறேன். செருப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், அதில் எங்கேயும் தேதி இல்லை, பெயரும் இல்லை. அந்தப் பெரியவர் பெயர் என்ன என்று அம்மாவிடம் கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்தார்.

“நாங்க யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லையேடா” என்றார்.