பிழையும் திருத்தமும்: தமிழ்ப் பதிப்பு வரலாறு காட்டும் நெறி

நூலொன்று நிறைவெய்தியபின் அதனைப் புலவர் அவையிற் படித்துக்காட்டி, எழும் ஐயங்களுக்கு விடைகூறி, அவையின் ஏற்பைப் பெறுதல் பண்டைத் தமிழ் மரபு. அரங்கேற்றம் எனப்பட்ட அம்முறை, நூலுக்கு வாய்த்த முதற் பிழைதிருத்தமாகவும் அமைந்தது. நூலில் வரக்கூடாத பத்துக் குற்றங்களை நன்னூற் பாயிரம் வகுத்துரைத்தது. காப்பியப் புலவரோ அவையடக்கம் பாடித் தம் குற்றம் பொறுக்குமாறு வேண்டினர். குற்றம் களைதலும் குற்றம் பொறுத்தலும் ஒருங்கே போற்றப்பட்டமை இதனாற் புலனாகும்.

ஓலைச்சுவடிக் காலத்தில் பிழைகள் பெருகுதற்கு எழுதுமுறையே ஒரு காரணமாயிற்று. எழுத்தாணியால் புள்ளி குத்தின் ஓலை பொத்துவிடும் என்று ஏடெழுதுவோர் புள்ளியிடுவதைத் தவிர்த்தனர். அதனால் மெய்யெழுத்தும் அகரமேறிய உயிர்மெய்யும் ஏட்டில் ஒன்றுபோலவே தோன்றின. எகர ஏகாரங்களும் ஒகர ஓகாரங்களும் வேறுபாடின்றி நின்றன. ‘மெய்’ என்பதை ‘மேய்’ என்றும் படிக்க இடமிருந்தது. ஒருவர் கொண்ட தவறான பாடம், அவர் ஏட்டைப் பார்த்தெழுதிய அனைவரிடத்தும் தொடர்ந்தது.

1835ஆம் ஆண்டுச் சட்டத்தால் அச்சகங்கள் மீதிருந்த தடைகள் நீங்கியபின் தமிழர் பலர் அச்சுத்தொழிலில் ஈடுபட்டனர். அச்சு, பிழைக்குப் புதியதொரு தன்மையை அளித்தது. ஏட்டுப் பிழை ஒரு படியில் நின்றது. அச்சுப் பிழையோ ஒரே நாளில் நூற்றுக்கணக்கான படிகளிற் பரவியது. ஆதலின், ஈய எழுத்துகளைக் கோத்தபின் மெய்ப்பு எடுத்து மூலத்தோடு ஒப்பிடும் வழக்கம் இன்றியமையாததாயிற்று. அதனையும் கடந்து நின்ற பிழைகளுக்கெனப் பக்க எண்ணும் வரி எண்ணும் சுட்டி, பிழை, திருத்தம் என்னும் பட்டியலை நூலோடு சேர்த்தனர்.

யாழ்ப்பாணத்து வண்ணார்பண்ணையில் 1849இல் அச்சகம் நிறுவிய ஆறுமுக நாவலர், பிழையற்ற பதிப்புக்கு இலக்கணமாக விளங்கினார். 1868இல் சி.வை. தாமோதரம்பிள்ளை வெளியிட்ட தொல்காப்பியச் சொல்லதிகாரச் சேனாவரையர் உரையைப் பரிசோதித்தவரும் நாவலரே. ‘பரிசோதித்து’ என்னும் சொல் அக்கால நூல்களின் முகப்பிற் பெயரோடு இடம்பெற்றது. பிழை நேரின் பொறுப்பேற்பவர் இன்னார் என்பதை அது வெளிப்பட அறிவித்தது.

எனினும் பிழையச்சத்தால் நூலை வெளியிடாது வைத்திருத்தலும் அந்நாளிற் பேரிழப்பாக முடிந்திருக்கும். ஏடுகள் செல்லரித்தும் ஓரம் உதிர்ந்தும் அழிந்துகொண்டிருந்தன. உ.வே. சாமிநாதையர் கும்பகோணம் கல்லூரியிற் பணியாற்றிய காலத்தில், 1887இல், சீவக சிந்தாமணியை நச்சினார்க்கினியர் உரையோடு சென்னையில் அச்சிட்டு வெளியிட்டார். சமண சமயக் கருத்துகளில் எழுந்த ஐயங்களை அச்சமயத்தாரிடமே கேட்டுத் தெளிந்தார். கிடைத்த ஏடுகளைக் கொண்டு இயன்றதைச் செய்து வெளியிட்டபின், ஆய்வை அவர் நிறுத்திவிடவில்லை. திருத்தங்களோடு சிந்தாமணியின் இரண்டாம் பதிப்பு 1907இல் வந்தது. 1894இல் வெளியான புறநானூற்றின் இரண்டாம் பதிப்பு 1923இல் வந்தது. முதற்பதிப்பின் குறைகளை மறைக்க அவர் முயன்றாரல்லர். அவற்றையே அடுத்த பதிப்புக்குரிய பணியாகக் கொண்டார்.

கவிஞர்க்கும் இவ்வரலாறு பயன் தருவது. மரபுக் கவிதையில் ஒரு குறில் நெடிலாக அச்சேறினும் தளை தட்டும். ஓர் ஒற்று விடுபடின் பொருளே திரியும். பாடியவர் தம் பாடலை மெய்ப்பிற் படிக்குங்கால் அச்சிலுள்ளதை விடுத்து நினைவிலுள்ளதையே படித்துச் செல்வர். ஆகவே, பிறரொருவர் உரக்கப் படிக்க, பாடியவர் மூலத்தைப் பார்த்து வருதல் நன்று. அவ்வாறு செய்தும் எஞ்சும் சிறு பிழைக்காக உளம் சோர்ந்து எழுதுகோலைக் கீழே வைத்தல் வேண்டா. பிழை சுட்டிய அன்பருக்கு நன்றி கூறி, அதனை ஏட்டிற் குறித்துவைத்து, அடுத்த பதிப்பில் திருத்துதலே முன்னோர் காட்டிய நெறி. ஈய எழுத்தின் இடத்தைக் கணிப்பொறி பெற்றுவிட்ட இந்நாளிலும் அந்நெறியை மேற்கொள்ளத் தடையேதுமில்லை. கவிதையைக் கூடிப் படித்துக் கூடித் திருத்தும் இலக்கிய வட்டங்கள், பண்டை அரங்கேற்ற அவையின் பணியையே இன்று தொடர்கின்றன.