மடக்கெழுத்தாணி

ராயப்பேட்டையில் இருக்கும் என் நண்பர் ஒருவருக்குப் பழைய பேனாக்கத்திகள் சேர்ப்பதில் ஒரு பைத்தியம். கத்தியைக் கையில் எடுத்தாரானால் பெயர்களாகவே கொட்டுவார். பிடியின் தலைப்பில் நீளமான உலோகப் பூண் இருந்தால் அது 'பார்லோ'. பிடி உள்வாங்கி வளைந்து நாலு அலகும் இருந்தால் 'காங்கிரஸ்'. இரு நுனியும் படகு மாதிரி உயர்ந்திருந்தால் 'கனூ'. பெயர் தெரிந்துவிட்டால் போதும். அதன் ஜாதகமே தெரிந்த மாதிரிதான்.

ஆனால் அவர் பெட்டியில் ஒரே ஒரு உருப்படிக்கு மட்டும் பெயர் கிடையாது. பிடியின் ஒரு தலைப்பில் சிறு கத்தி; மறு தலைப்பில் இரும்பு முள். இரண்டும் பிடிக்குள்ளேயே மடங்கிக்கொள்ளும். 'நாட்டுக் கத்தி' என்று சீட்டெழுதி வைத்திருக்கிறார்.

அதற்குப் பெயர் இல்லாமல் இல்லை. ராயப்பேட்டைக்குப் பக்கத்திலேயே, திருவேட்டீசுவரன்பேட்டையில், நெடுங்காலம் குடியிருந்த உ. வே. சாமிநாதையர் அதை எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். 1940 முதல் 'ஆனந்த விகட'னில் வெளிவந்த 'என் சரித்திர'த்தில் எழுத்தாணி மூன்று வகை என்கிறார். தலை கனத்துக் கொண்டையுடன் குட்டையாக இருப்பது குண்டெழுத்தாணி. நீண்டு, கொண்டை இருக்க வேண்டிய இடத்தில் கத்தி அமைந்திருப்பது வாரெழுத்தாணி. முள்ளும் கத்தியும் மடங்கிப் பிடிக்குள் அடங்குவது மடக்கெழுத்தாணி.

எழுத்தாணிக்குக் கத்தி எதற்கு என்று கேட்கலாம். பனையோலை காகிதம் மாதிரி அளவாக வந்து சேருவதில்லை. ஈர்க்கு நீக்கி, ஓரம் வாரி, நீளம் பார்த்து நறுக்கினால்தான் ஏடு ஆகும். பிறகுதான் எழுத்து. இடது கைப் பெருவிரல் நகத்தை வளர்த்து, அதில் சிறு பள்ளம் செய்து, அந்தப் பள்ளத்தில் முள்ளைப் பதித்து எழுதுவார்கள். ஆக, வாரும் கருவியும் எழுதும் கருவியும் ஒரே பிடிக்குள் இருந்தால் வழிப்பயணத்துக்கு எவ்வளவு சௌகரியம்! கூர்முனை மடியைக் குத்தாது என்பது உபரி லாபம்.

வெள்ளைக்காரனின் பேனாக்கத்தியும் எழுதுகிறவனுக்காகப் பிறந்ததுதான். பேனா என்ற சொல்லுக்கு லத்தீன் மூலத்தில் இறகு என்று பொருள். எழுத எழுத இறகின் முனை தேயும். அதைச் சீவுவதற்கு ஒரு சிறு கத்தி வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் எஃகு முள் வந்தது; இறகு போயிற்று. கத்திக்கு வேலை போயிற்றே தவிரப் பெயர் போகவில்லை. இன்றைக்கும் மாம்பழம் நறுக்குகிறவன்கூட அதைப் பேனாக்கத்தி என்றுதான் சொல்கிறான்.

நம் கதை வேறு. காகிதமும் அச்சும் வந்து ஓலை ஒழிந்தது; ஓலையோடு எழுத்தாணியின் வேலை போயிற்று; வேலையோடு வகைப் பெயர்களும் நாவை விட்டுப் போய்விட்டன. மதுரையில் எழுத்தாணிக்காரத் தெரு இருக்கிறது, எழுத்தாணியைத்தான் காணோம்.

பெயர் போனால் என்ன குடி முழுகிவிடும் என்கிறீர்களா? 'நாட்டுக் கத்தி' என்று சொன்ன மாத்திரத்தில் அந்த இரும்பு முள் அனாவசியமாகி விடுகிறது. தோல் குத்தும் ஊசி என்பார் ஒருவர். காது குடைவது என்பார் இன்னொருவர். மடக்கெழுத்தாணி என்று சொல்லிப் பாருங்கள்: ஓலையும், நகத்துப் பள்ளமும், எழுதியவனும் கூடவே வந்து நிற்பார்கள்.

உங்கள் வீட்டுப் பரணில் துருப்பிடித்த கத்தி ஏதாவது கிடந்தால், பழைய இரும்புக்காரனுடைய தராசில் போடுவதற்கு முன்னால் அதன் மறு தலைப்பையும் ஒரு தரம் திறந்து பாருங்கள்.